மேகத்துக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை

திருத்தணி
8-7-46

அன்புள்ள பாவாவுக்கு ரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதுவது. மலைமேல் இருக்கிறவன் தயவில் நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா, பால் வேளைக்குக் கிடைக்கிறதா, ரேணிகுண்டாவில் ரயில் மாறும்போது உட்கார இடம் கிடைத்ததா, எல்லாம் எழுதவேண்டும்.

பள்ளிக்கூட மேனேஜர் பஞ்சாட்சரம் ஐயா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நீங்கள் குணமாகி வருகிற வரைக்கும் உங்கள் ஒண்ணாம் வகுப்பை நான் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நைனா கண்டிகையிலிருந்து வந்து, "எட்டாவது வரைக்கும் படிக்க வச்சது வீண் போவல" என்று சொல்லிவிட்டு, அரிசியும் மல்லாட்டைக் கடலையும் வைத்துவிட்டுப் போனார்.

இன்றுதான் முதல் நாள். எழுத்துப் பாடமும் கணக்கும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். கடைசி மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேணியர் தெரு வேணு எழுந்து, "டீச்சர், சார் மேகத்த எங்க வுட்டுட்டுப் போனாரு?" என்று கேட்டான்.

எந்த மேகம் என்றேன். அதற்குள் பத்மா, "கோவிந்தம்மா கடைக்குள்ள பூந்துச்சே, அந்த மேகம்" என்றாள். ரத்தினம்மாள் மகள், உங்களுக்குத் தெரியுமே, குரல் மட்டும் அவ்வளவு பெரிசு. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. வீட்டில் என்னிடம் இந்த மேகத்தைப்பற்றி ஒரு நாளும் சொன்னதில்லையே. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அது என்ன கதை, எதுவரை சொன்னீர்கள் என்று உடனே எழுதுங்கள். உடம்பைப்பற்றி முதலில் எழுதுங்கள், மேகத்தைப்பற்றி அப்புறம்.

தங்கள் நலமே வேண்டும் மனைவி
ரஞ்சிதம்


சானடோரியம்
17-7-46

என் ரஞ்சிதத்துக்குத் துளசிங்கம் ஆசிகளுடன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று படித்ததும் இன்னும் கொஞ்சம் சுகம்.

இங்கே படுத்திருப்பதுதான் மருந்து. நீளமான வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், எதிரே மலை. மூன்று பக்கமும் சுவர் கிடையாது. விடிகாலையில் மேகம் படியேறி உள்ளே வந்து கட்டில்களுக்கு நடுவே மெதுவாக நடந்து போகிறது. பக்கத்துக் கட்டில் ராஜமாணிக்கம் அதற்குள் மறைந்து மறுபடி தெரிவார். அவர் அரக்கோணத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளியவர். "வாத்தியாரே, எஞ்சின் புகைன்னு நெனச்சிட்டேன்" என்று தினமும் சொல்வார். மத்தியானம் மணி அடித்தால் யாரும் பேசக்கூடாது. அப்போது கண்ணை மூடினால் நம் வகுப்புச் சத்தம் கேட்கிறது.

கதை இதுதான். நகரி மலைப் பக்கமிருந்து ஒரு மேகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வந்த குட்டி மேகம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்து நம் மலையில் சிக்கிக்கொண்டது. கூட்டம் போய்விட்டது. குட்டி ஊருக்குள் இறங்கிவிட்டது. பாவம், காற்று வளர்த்த பிள்ளை. கதவு என்றால் என்னவென்று தெரியாது. கேட்காமல் உள்ளே நுழையும், காயப்போட்ட துணியில் படுத்துக்கொள்ளும், பொய்கைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் போகும். கடைசியாகக் கோவிந்தம்மாள் இட்லிக் கடைக்குள் புகுந்தது, அடுப்பு அணைந்துவிட்டது. அங்கேதான் நிறுத்தினேன். மறுநாள் நான் பள்ளிக்கூடம் வரவில்லை.

நீ ஒன்று மட்டும் கவனி. பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால் காதை மூடிக்கொள்வார்கள். அவர்களையே புத்தி சொல்லச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். மேகத்துக்கு ஒன்றும் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று ஆரம்பி. மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. பெரியவர்களிடம் சொல்லக் கூச்சம்.

அன்புடன்
துளசிங்கம்


திருத்தணி
28-7-46

அன்புள்ள பாவாவுக்கு, உங்கள் கடிதம் வந்த அன்றைக்குப் பசியே தெரியவில்லை. நான் சௌக்கியம். அங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ள இன்னொரு கம்பளி அனுப்பட்டுமா?

கிருத்திகைக் கூட்டம் கலைந்துவிட்டது. தெருவெல்லாம் இன்னும் காவடிப் பூ வாடிக் கிடக்கிறது. மலையில் தினமும் மேகம் இறங்குகிறது. பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்து, "அதோ, வந்துகினு கீது" என்கிறார்கள். நான் கதை சொல்லவே வேண்டியதில்லை போலிருக்கிறது.

கோவிந்தம்மாள் கடைக்குள் போவதற்குமுன் மேகம் என்ன செய்திருக்கவேண்டும் என்று கேட்டேன். "வெளியே நின்னு கூப்புடணும்" என்றான் எல்லப்பன். "கால் கழுவணும்" என்றாள் பத்மா. மேகத்துக்குக் கால் ஏது என்று வேணு சண்டைக்கு வந்துவிட்டான். கடைசியில், வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அதற்குப்பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஊரில் ஒரு வாசல் பாக்கி இல்லை. பிள்ளைகள் எங்கே போனாலும் நின்று "உள்ள வரலாமா?" என்கிறார்கள். எல்லப்பன் ஆட்டுப்பட்டிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, ஆடு பதில் சொல்கிற வரைக்கும் காத்திருந்தானாம். அவன் அப்பா முனியன் வந்து, "இன்னாம்மா, புள்ளைக்கு மந்திரம் வச்சிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

இரண்டு நாளாகப் பத்மா வரவில்லை. விருந்தாளி வந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் சில பேரும் வருவதில்லை. பலகையில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. மேகம் வந்தால் கால் நீட்டி உட்காரலாம் என்று சொல்லிச் சிரித்தோம்.

மறு கடிதத்தை எதிர்பார்த்து
ரஞ்சிதம்


சானடோரியம்
14-8-46

ரஞ்சிதத்துக்கு, சுகமாக இருக்கிறாய் அல்லவா? இங்கும் அப்படியே. படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து மலையேறுகிறது, பொறுத்துக்கொள். கம்பளி வேண்டாம்.

ஆட்டுப்பட்டிச் சமாசாரத்தை ராஜமாணிக்கத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து, இருமி, நர்ஸம்மாவிடம் நாங்கள் இருவரும் திட்டு வாங்கினோம். இப்போது வராந்தா முழுக்கக் கதை தெரியும். மேகம் உள்ளே வரும்போது யாராவது ஒருவர், "கேட்டுட்டு வா" என்கிறார்.

அடுத்த பாடம், நலம் விசாரிப்பது. மேகம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்கட்டும். வாயால் கேட்டால் போதாது, பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிற்கவேண்டும். கேட்டுவிட்டு ஓடுகிறவன் கேட்காதவன்தான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்களா பார்.

பலகையில் ஏன் இடம் தாராளம்? கிருத்திகைக்கு வெளியூர் போனவர்கள் இன்னுமா திரும்பவில்லை?

டாக்டர் நெஞ்சில் காற்று ஏற்றிப் பார்க்கிறார். வலி ஒன்றும் பெரிதில்லை. இங்கே பகலும் ஒரு மாதிரிக் கனவாகத்தான் இருக்கிறது. மலை சில சமயம் கிட்டே வருகிறது, சில சமயம் தள்ளிப் போகிறது.

துளசிங்கம்


திருத்தணி
5-9-46

அன்புள்ள பாவாவுக்கு, நான் நலமாக இருக்கிறேன். காற்று ஏற்றுவது என்றால் என்ன, அதைப்பற்றி ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்களே. மூச்சு விட முடிகிறதா? இரவு தூங்குகிறீர்களா?

நலம் விசாரிக்கிற பாடம் நடந்தது. கேட்டுவிட்டு நிற்கவேண்டும் என்பதை வேணு தானே கண்டுபிடித்தான். "மேகம் காத்துல போய்கினே கேட்டா, பதில் யாருக்குச் சொல்றது?" என்றான்.

அதற்கப்புறம் கதை என் கையில் நிற்கவில்லை. நான் சொல்லிக்கொண்டு வரும்போதே மேகம் ஒரு தெருவுக்குள் போனது. வாசலில் நின்று முறையாகக் கேட்டது. நல்லா இருக்கீங்களா என்றும் கேட்டது. ஆனால் அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. மேகம் வந்தால் ஈரம், ஈரம் பட்டால் சளி, சளி பிடித்தால் இருமல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மேகம் தெரு நடுவில் நின்றது. எந்தத் தப்பும் செய்யவில்லை, மரியாதையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது, இனி என்ன செய்யவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

 பிறகு எல்லப்பன், "ஈரம் பட்டா சளி புடிக்கும், நெசந்தானே டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப கதவச் சாத்தனது தப்பா?" என்றான்.

 நேரமாகுமுன்பே மணியை அடித்துவிட்டேன். இதில் யார் மரியாதை கற்றுக்கொள்ளவேண்டும், மேகமா, வீட்டுக்காரர்களா? நீங்கள்தான் சொல்லவேண்டும். பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரஞ்சிதம்


சானடோரியம்
16-9-46

ரஞ்சிதத்துக்கு,

உன் கடிதத்தோடு ஒரே தபாலில் பஞ்சாட்சரம் ஐயா கடிதமும் வந்தது. உன் கடிதத்தை முதலில் படித்தேன். அவருடையதைப் படித்ததும் உன்னுடையதைத் திரும்பப் படித்தேன்.

பிள்ளைகளை நிறுத்திவிட்டார்களாம். க்ஷயரோகக்காரன் பெண்டாட்டி மூச்சு படுகிற இடத்தில் பிள்ளை உட்காரவேண்டாம் என்று ரத்தினம்மாள் பள்ளிக்கூட வாசலிலேயே சொல்லிவிட்டுப் பத்மாவை இழுத்துக்கொண்டு போனாளாம். கிணற்றடியில் நீ வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்களாம். ஐயா தவறாக ஒன்றும் எழுதவில்லை. வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறார். இப்படியே போனால் வகுப்பை மூடவேண்டிவரும் என்கிறார். நீ எனக்கு இடம் தாராளம் என்று எழுதியிருக்கிறாய்.

உன்மேல் கோபம் இல்லை. அந்தத் தெரு நடுவில் நின்றது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

எல்லப்பன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு இந்த வராந்தாவில் பதில் இருக்கிறது. நாங்கள் ஒருவர் டம்ளரை இன்னொருவர் தொடமாட்டோம். துப்பும் கிண்ணத்துக்கு மூடி உண்டு. இருமினால் முகத்தைத் திருப்பித் துணியால் பொத்திக்கொள்வோம். இதெல்லாம் பயம் இல்லை, பக்கத்திலிருப்பவனுக்குச் செய்கிற மரியாதை. ஆனால் கண் விழித்ததும் கட்டிலுக்குக் கட்டில், "ராத்திரி எப்படி இருந்தது?" என்று கேட்காமல் ஒருவனும் இருக்கமாட்டான். ஆகவே மேகம் வெளியே நிற்கட்டும், அது அதன் மரியாதை. வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசட்டும், அது அவர்கள் மரியாதை. கதவைச் சாத்தலாம், வாயைச் சாத்தக்கூடாது. இப்படிச் சொல்.

இன்னொன்று. ரத்தினம்மாள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நீ என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வா. தள்ளிப்போடாதே. பிள்ளைகளுக்காக.

துளசிங்கம்


திருத்தணி
29-9-46

அன்புள்ள பாவாவுக்கு, நான் நலம் என்று வழக்கம்போல எழுதத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் கேள்விப்பட்டது எல்லாம் உண்மை. ரத்தினம்மாளை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் முகத்தைப் பார்த்துத் திட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பத்மா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அன்றிலிருந்து ஒவ்வொருவராக நின்று, இப்போது வகுப்பில் எல்லப்பனும் வேறு இரண்டொரு பிள்ளைகளும்தான். வேணுவும் நின்றுவிட்டான். கிணற்றுக்கு நான் எல்லாரும் போனபிறகு போகிறேன். படுத்திருப்பவருக்கு இதை எப்படி எழுதுவேன்?

நீங்கள் எழுதியபடியே கதை சொன்னேன். மேகம் ஜன்னலுக்கு வெளியே நின்றது, உள்ளே இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள் என்று சொன்னேன். எல்லப்பன் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் கடைசி மணிக்கு எனக்குப் பின்னால் ஜன்னலில் ஏதோ சத்தம். திரும்பினால் தெருவில் வேணு நிற்கிறான். அவன் பக்கத்தில் பத்மா. பின்னால் சேணியர் தெருப் பிள்ளைகள் எல்லாரும். மலையிலிருந்து மேகம் இறங்கித் தெரு வெள்ளையாக இருந்தது, பிள்ளைகள் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை.

"உள்ளதான் வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு," என்றாள் பத்மா. "ரோட்டுல நிக்கக்கூடாதுன்னு சொல்லல."

 வேணு ஜன்னல் கம்பியைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "டீச்சர், சார் ஒடம்பு எப்படி கீது?" என்று கேட்டான்.

பாவா, நீங்கள் போனதிலிருந்து இந்த ஊரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவர்கள்போல மழையைப்பற்றியும் அரிசியைப்பற்றியும் பேசுவார்கள். இந்தப் பிள்ளைகள் கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்கள். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே பதில் சொன்னேன். இருமல் இருக்கு, நெஞ்சில் காத்து ஏத்துறாங்க, மேகம் தினம் போய்ப் பார்த்துட்டு வருது என்றேன். "ஆங்," என்றான் வேணு, பெரிய மனுஷன் மாதிரி.

நவராத்திரி லீவில் நைனாவோடு வேலூர் போகிறேன்.

என்னிடம் மறைத்தாய் என்றீர்கள். நீங்கள்? உங்கள் எழுத்து ஒவ்வொரு கடிதத்திலும் சின்னதாகிக்கொண்டே வருகிறது. டாக்டர் சொன்னது என்ன? வேணு கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். பதில் வரும்வரை நிற்பேன்.

ரஞ்சிதம்


திருத்தணி
25-10-46

அன்புள்ள பாவாவுக்கு, நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் பதில் நின்றபிறகு இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

வேலூரில் படம் எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். என் நெஞ்சுக்கூடு எனக்கே தெரிந்தது, மூடுபனியில் பார்க்கிற மரம் மாதிரி. ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததைப் பஞ்சாட்சரம் ஐயா வகுப்பு வாசலில் நின்று படித்தார். மறுநாள் ரத்தினம்மாளே பத்மாவைக் கொண்டுவந்து விட்டாள். "மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். கொஞ்சம் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போகப் போகச் சரியாகும்.

சில பேர் இன்னும் பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்தப் பிள்ளைகள் மட்டும் கதை நேரத்துக்கு ஜன்னலண்டை வந்துவிடுகிறார்கள்.

தபால்காரர் தெருமுனையில் வரும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். ஒரு வரி எழுதுங்கள். வெறும் காகிதமாவது அனுப்புங்கள்.

ரஞ்சிதம்


சானடோரியம்
9-11-46

தங்கச்சி ரஞ்சிதம் அம்மாவுக்கு, பக்கத்துக் கட்டில் ராஜமாணிக்கம் எழுதுறது. வாத்தியார் உசுரோட இருக்கார். அத மொதல்ல சொல்லிடறேன், அப்பதான் மிச்சத்த நீங்க படிக்க முடியும்.

நுரையீரல் அமுங்கிப் புண் ஆறட்டும்னு காத்து ஏத்தினாங்க, அவருக்குப் பலிக்கல. விலா எலும்ப எடுத்து நெஞ்ச அமுக்கினாத்தான் புண் ஆறும்னு ஆவணி மாசமே டாக்டர் சொல்லிட்டார். வாத்தியார் உங்களுக்கு எழுதறேன், எழுதறேன்னு எழுதவே இல்ல. நீங்க ஜன்னல்ல புள்ளைங்க நின்னதப்பத்தி எழுதினீங்களே, அத மாருமேல வச்சிகினு நாளெல்லாம் படுத்திருந்தார். அன்னிக்கு ரத்தம் நெறைய வந்துடுச்சு. மறுநாள் டாக்டரக் கூப்புட்டு, அறுத்துடுங்கன்னு சொல்லிட்டார். ஒரு தபா அறுத்தாங்க, நடுவுல விட்டு இன்னொரு தபா அறுத்தாங்க. ரெண்டும் முடிஞ்சுது. மயக்க மருந்து கொடுக்காமலே, மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு. எலும்ப வெட்டற சத்தம் அவருக்குக் கேட்டுதாம். நான் எஞ்சின்ல வேல செஞ்சவன், எனக்கே கேக்க முடியல.

இப்ப காய்ச்சல் எறங்கிகினு வருது. கையத் தூக்க முடியாது, பேசவும் கூடாது. அதுக்கப்புறம் வந்த உங்க லெட்டரெல்லாம் நான்தான் படிச்சுச் சொன்னேன். வேலூர் சமாசாரம் கேட்டதும் கண்ண மூடிகினார். தூங்கறார்னு நெனச்சேன், தூங்கல.

ஒரு ஓரமா இதையும் கேக்கறேன். மேகம் அப்புறம் இன்னா ஆச்சு? வராந்தாவுல எல்லாரும் என்னத்தான் புடுங்கறாங்க.

ராஜமாணிக்கம்


திருத்தணி
15-11-46

பாவா,

உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் போதாது. நீங்கள் எழுந்து உட்கார்ந்தபிறகு நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது பேசக்கூடாது என்றார்களாமே, பேசாதீர்கள். படுத்துக்கொண்டு கேளுங்கள்.

ராஜமாணிக்கம் அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.  சாருக்குப் பெரிய ஆபரேஷன், பேசக்கூடாதாம் என்று மட்டும் சொன்னேன். "அப்ப நாங்க சொல்றோம், நீங்க எழுதுங்க" என்றாள் பத்மா. அப்படியே எழுதுகிறேன்.

எல்லப்பன்: சார், எங்க வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. நல்லா கீது. நீங்க நல்லா கீறீங்களா?

பத்மா: சார், நான் திரும்பி வந்துட்டேன். எங்க அம்மா உங்களக் கேட்டதாச் சொல்லச் சொல்லிச்சு.

வேணு: சார், மேகத்துக்கு நாங்க எல்லாம் சொல்லிக் குடுத்துட்டோம். இப்ப அதுவே தள்ளி நின்னு இருமுது. நீங்க மெதுவா வாங்க.

 ஜன்னலில் நின்ற பிள்ளைகள் தங்கள் பெயரை மட்டும் எழுதச் சொன்னார்கள். ஐயப்பன், தேவகி, சின்னசாமி, பங்காரு.

மேகம் என்ன ஆயிற்று என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அது நம் ஊரிலேயே தங்கிவிட்டது. கூட்டம் திரும்பி வந்து கூப்பிட்டபோது, "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டதாம். பிள்ளைகள் வைத்த முடிவு, நான் மாற்றவில்லை.

ரஞ்சிதம்


சானடோரியம்
20-2-47

என் ரஞ்சிதத்துக்கு,

நானே எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு. கை நடுக்கம் தெரிந்தால் அது உடம்பின் நடுக்கம், மனசு தெளிவாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். இந்தத் தடவை நிஜமான பதில் எழுது.

நான் மறைத்தது தப்பு. நீ அங்கே ஒற்றை ஆளாக நிற்கும்போது இங்கே நடப்பதைச் சொல்லி இன்னும் பாரம் ஏற்றவேண்டாம் என்று நினைத்தேன். நீயும் அதையே நினைத்தாய். இருவருமாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் தனியாக விட்டுவிட்டோம்.

சளியில் கிருமி இல்லை என்று மூன்று மாதமாக வருகிறது. இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்கிறார். பங்குனியில் வீட்டுக்கு அனுப்புகிறார். இப்போது உண்மையெல்லாம் சொல்லிவிடுகிறேன். ஒரு தோள் சரிந்துவிட்டது. சட்டை போட்டாலும் தெரியும். படி ஏற முடியாது, மலைக்கு இனி கீழே நின்று கும்பிடவேண்டியதுதான். குரல் சன்னமாகிவிட்டது. வகுப்பு எடுக்கிற குரல் இல்லை. பஞ்சாட்சரம் ஐயாவுக்கு ராஜிநாமா எழுதி அனுப்பிவிட்டேன். அந்த இடத்தை உனக்கே கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். எனக்காகக் கொடுக்கவேண்டாம், உன் வகுப்பை வந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று எழுதினேன்.

காலையில் நீ பள்ளிக்கூடம் போ. சோறு நான் வடித்து வைக்கிறேன். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். இங்கே கஞ்சிக்கூடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன், ரசம் பரவாயில்லை என்கிறார் ராஜமாணிக்கம். அவருக்கு இன்னும் நாள் ஆகும். அவர் கட்டிலை விட்டுப் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நாம் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் என்னை உள்ளே விடுவாரா?

உன்
துளசிங்கம்


திருத்தணி
16-3-47

அன்புள்ள பாவாவுக்கு,

நிஜமான பதில் கேட்டீர்கள். இளைத்துவிட்டேன். பகலில் சிரிக்கிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பயமாக இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

வீட்டுக்காரர் விடமாட்டேன் என்றார். டாக்டர் எழுதியதைக் காட்டினேன், அப்போதும் மாட்டேன் என்றார். நான் சண்டை போடவில்லை. கண்டிகை ரோட்டில் நம் நிலத்து ஓரமாக நைனா ஒரு கூரை வீடு போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்கள் வராந்தா மாதிரியே ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. கட்டிலில் படுத்தால் மலை தெரியும். மண் சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது, நீங்கள் வருவதற்குள் காய்ந்துவிடும்.

பஞ்சாட்சரம் ஐயா வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார்.  சாயங்காலம் ஆளனுப்பி, வேலையை எனக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். ராஜமாணிக்கம் அண்ணனுக்கு மல்லாட்டை உருண்டை பிடித்து நைனாவிடம் தருகிறேன். உங்களை அழைத்துவர நைனாதான் வருகிறார்.

நீங்கள் வந்து இறங்குகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஐயா லீவு விட்டுவிட்டார். பிள்ளைகள் ஸ்டேஷனுக்கு வருவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கூட்டம் போடக்கூடாது, சார் களைத்துப்போய் வருவார், தள்ளி நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "எவ்வளவு தூரம் டீச்சர்?" என்று கேட்டான் வேணு. சார் பேசினால் காதில் விழுகிற தூரம் என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாருக்குக் கொரலே இல்லன்னு சொன்னீங்களே. அப்ப கிட்டத்தான் நிக்கணும்" என்றான்.

ஆமாம், கிட்டத்தான் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ரஞ்சிதம்